உறுப்பினர் எண் ஒன்று

முத்திருளனுக்கு நாற்பத்து நாலு வயதில் ஒரு புது பாஷை கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது. மனுஷர் பேசுகிற பாஷையாக இருந்தாலாவது திக்கித் திணறிப் பேசலாம், எதிராளி பாவப்பட்டுப் புரிந்துகொள்வான். இது கம்ப்யூட்டர் பாஷை. கம்ப்யூட்டர் யாருக்கும் பாவம் பார்ப்பதில்லை.

பதினாலு வருஷமாக அவர் வைரவன் நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். எழுபத்து நாலில் ஓர் அறை முழுக்க அடைத்துக்கொண்டு அந்தப் பெரிய மிஷின் வந்தபோது, மெட்ராசுக்குப் போய் மூன்று மாதம் கோபோல் என்கிற கம்ப்யூட்டர் பாஷையைப் படித்துவிட்டு வந்தவர் அவர்தான். அட்டையில் ஓட்டை போட்டு, அடுக்கி, மிஷினுக்குத் தின்னக் கொடுத்து, அது கக்குகிற காகிதத்தைக் கிழித்துக்கொண்டு அவர் நடந்து வரும்போது ஸ்பின்னிங் மாஸ்டர்கூட ஒதுங்கி வழிவிடுவார். திருப்பரங்குன்றத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில் கோபோல் தெரிந்த ஆள் தான் ஒருத்தர்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நினைப்புதான் பொழப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எண்பத்தெட்டு சித்திரையில் பெரிய மிஷினை லாரியில் ஏற்றிவிட்டு, டிவிப் பெட்டி அளவில் ஒரு பிசியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். புது மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "முத்திருளன், இதுக்கு சி-ன்னு ஒரு லாங்வேஜ் இருக்காம். உங்களுக்கு வருமா, இல்ல கோயமுத்தூர்ல இருந்து ஆள் எடுத்துரவா?" என்று கேட்டார்.

"பதினாலு வருஷ சர்வீஸ் சார். ரெண்டு வாரம் குடுங்க போதும்" என்றார் முத்திருளன். ஆழம் தெரியாமல் காலை விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் தலையையே விட்டார்.

ரெண்டு வாரம் எட்டு மாதம் ஆனது. கோபோலில் எழுதுவது கல்யாணப் பத்திரிகை எழுதுவது மாதிரி. இன்னாரை இன்னாரோடு கூட்டி இன்ன இடத்தில் வை என்று முழுசு முழுசாக வாக்கியம் எழுதி, கடைசியில் கௌரவமாக ஒரு முற்றுப்புள்ளி வைக்கலாம். சி-யில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. எங்கே பார்த்தாலும் அரைப்புள்ளியும் வளைந்த அடைப்பும் சாய்ந்த கோடுமாக, கோழி கிளறிவிட்டுப் போன குப்பைமேடு மாதிரி இருந்தது. முத்திருளனின் விரல் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. திரையில் தன் பெயரை வரவழைக்க எட்டு வரி எழுதினார். ஒன்பதாவது வரியில் தப்பு இருக்கிறது என்றது மிஷின். எழுதாத வரியில் எப்படியடா தப்பு வரும் என்று அதனிடமே கேட்டார். அது திரும்பவும் ஒன்பது என்றது. அடைப்பை மூட மறந்திருக்கிறோம் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளில் மிஷின் பழுது என்று கம்பெனிக்காரனுக்கு ஒரு காகிதமும் போட்டுவிட்டிருந்தார்.

குருவென்று யாரும் கிடையாது. மேனேஜர் எங்கிருந்தோ ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்த ஒரு இங்கிலீஷ் புத்தகம்தான் கதி. அதில் ஒரு பக்கத்தைப் படித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். சி-யில் எந்தப் பட்டியலாக இருந்தாலும் முதல் ஆளுக்குப் பூச்சியம் என்று பெயராம். ரெண்டாவது ஆள்தான் ஒன்றாம். 'பூச்சியத்திலிருந்து எண்ணுகிறவன் உருப்படுவானா' என்று நினைத்துக்கொண்டார். இருந்தாலும் படித்த மனுஷர் இல்லையா, அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'முக்கியம்' என்று எழுதி வைத்தார். எழுதி வைத்ததோடு மறந்தார்.

இந்த இடத்தில் அவருடைய வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீடு என்றால் சொந்த வீடில்லை. பசுமலையில் மொக்கையன் என்பவர் வீட்டின் கீழ்ப்போர்ஷனில் பன்னிரண்டு வருஷமாக வாடகை. மொக்கையன் நல்ல மனுஷர்தான், சுவரில் ஆணி அடித்தால் மட்டும் பொறுக்க மாட்டார். குடிவந்த அன்றே, "ஆணி மட்டும் அடிச்சுராதீங்க, பூச்சு உதிரும்" என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த வீட்டில் காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். சாமி படங்கள் தரையில் சுவரில் சாய்ந்து நிற்கும். முகம் பார்க்கிற கண்ணாடி அரிசி டப்பாவின்மேல் இருக்கும், முத்திருளன் குனிந்துதான் தலைசீவ வேண்டும். அவர் மனைவி அன்னக்கொடி ஒரு தகர டப்பாவில் கால் கிலோ ஆணி வாங்கி வைத்திருந்தாள். சொந்த வீடு கட்டினதும் அடிக்க.

அதற்கு வழி இருந்தது. மில் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு வீட்டுமனைச் சங்கம் வைத்து, கோச்சடையில் இடம் வாங்கிப் போட்டிருந்தார்கள். இருபத்து நாலு மனை, நாற்பத்தோரு உறுப்பினர். சங்கம் ஆரம்பித்த அன்றைக்கு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் முத்திருளன். உறுப்பினர் எண் ஒன்று. அதை அவர் சொல்லாத நாள் கிடையாது. எண் ஒன்று என்றாலும் மனை என்னவோ குலுக்கலில்தான். வருகிற தை மாதம் குலுக்குவதாகத் தலைவர் கண்ணுச்சாமி அறிவித்தார். கண்ணுச்சாமி பஞ்சில் சிக்கெடுக்கிற கார்டிங் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சுத்தூசி குடித்த தொண்டை, ஆனால் மைக் வேண்டாம், அப்படி ஒரு குரல்.

"வழக்கம்போல பேரை எழுதிக் குடத்துல போட்டு எடுத்துருவோம்" என்றார் கண்ணுச்சாமி.

முத்திருளன் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். எழுந்து நின்றார். "குடம் வேணாம்ணே. சீட்ட மடிக்கிறதுல கைவரிசை இருக்குன்னு நாளைக்கு நாலு பேரு பேசுவான். கம்ப்யூட்டர்ல குலுக்குவோம். நானே எழுதித் தாரேன். அதுக்கு அண்ணன் தம்பி தெரியாது. குலுக்கி முடிச்சதும் அந்தப் புரோகிராம் இருக்குற பிளாப்பிய அரக்கு வச்சு சீல் பண்ணித் தலைவர் பீரோவுல வச்சிரலாம். எவனும் தொட முடியாது." கூட்டம் கை தட்டியது. எட்டு மாதம் படித்ததை மேனேஜருக்குக் காட்ட ஒரு சந்தர்ப்பம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

எழுதினார். நாற்பத்தோரு பெயரையும் எண் வரிசையில் மிஷினுக்குள் ஏற்றும் பகுதியை ஜெராக்ஸ் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதினார். அதிலிருந்து பெயர் பொறுக்குகிற பகுதி புத்தகத்தில் இல்லை. அதைச் சொந்த மூளையில் எழுதினார். மும்மூன்று பெயராகக் குலுக்கி நாலைந்து தடவை சோதித்தும் பார்த்தார். அவருடைய பெயர் ஒரு தடவையும் வரவில்லை. வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவருக்குப் பெருமையாக இருந்தது. பெற்ற அப்பனுக்கே சலுகை காட்டாத பிள்ளை என்று மிஷினைத் தட்டிக்கொடுத்தார்.

தை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மில் கேன்டீனில் பிசியை வைத்து, எல்லோரையும் சுற்றி நிற்கவிட்டு, குலுக்கல் நடந்தது. பெயர்கள் பச்சை எழுத்தில் ஒவ்வொன்றாக வந்தன. பிட்டர் சோலைக்கு விழுந்தது. நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்த முருகம்மாளுக்குக் கடைசி மனை விழுந்தது, அவள் மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். முத்திருளனுக்கு விழவில்லை.

கண்ணுச்சாமி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பாத்தியளாப்பா! புரோகிராமு எழுதுனவன் இவன். நெனச்சிருந்தா மொத மனைய இவன் பேருக்குத் தட்டியிருக்க முடியாதா? நேர்மைன்னா இதுதான்யா நேர்மை!" என்று அறிவித்தார். மரியாதைக்குத் தோளில் துண்டு போட்டார்கள். டீக்கடையில் அவரைக் கண்டால் பெஞ்சில் இடம் விட்டார்கள். மனை போன துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்தத் துண்டை மடிக்காமல் தோளிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"நேர்மைன்னா முத்திருளன்தான்னு அம்புட்டு பேரு முன்னாடியும் சொல்லிட்டாரு தெரியுமா?" என்றார்.

"அந்த நேர்மை எத்தனை சென்ட்டு வரும்?" என்று கேட்டாள் அன்னக்கொடி. "அதுல ஆணி அடிக்கலாமா?" ஆணி டப்பாவை எடுத்துப் பரணில் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, சோலை தனக்கு விழுந்த மனை வேண்டாம் என்றான். மாமனார் ஊரில் இடம் கொடுத்துவிட்டாராம். ஒரு மனை காலி. மனை கிடைக்காத பதினேழு பேரில் ஒருத்தருக்கு அது போகும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருக்கும் அதே பிளாப்பியை எடுத்து ஒரே ஒரு பெயர் குலுக்கினால் போதும் என்றார் கண்ணுச்சாமி. முத்திருளனோ ஒன்று கேட்டால் ஒன்பது செய்கிற ஆள். பின்னால் வேறு யாராவது வேண்டாம் என்றால் உதவும், பதினேழு பேரையும் வரிசைப்படுத்திவிடலாம் என்று, வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் குலுக்கல் முடிந்த அன்றே எடுத்து வைத்திருந்த பிளாப்பியின் நகலைப் போட்டு ஓட்டிப் பார்த்தார்.

பதினாறு பெயர் மளமளவென்று வந்தது. பதினேழாவது வரவில்லை. திரையில் அடுத்த எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார், வரவில்லை. கை கழுவிவிட்டு வந்தார், வரவில்லை. மிஷின் சூடாகிவிட்டது என்று அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். அதே பதினாறு பேர் வேறு வரிசையில் வந்தார்கள், பதினேழாமவரைத் தேடி மிஷின் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. யாரடா அந்த அகப்படாத ஆசாமி என்று பட்டியலை விரல் வைத்துப் பார்த்தார். முத்திருளன், உறுப்பினர் எண் ஒன்று.

எழுதினதை வரி வரியாகத் திரும்பப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்து எழுதின பகுதி பூச்சியத்திலிருந்து ஆரம்பித்து, முதல் பெயரைப் பூச்சியமாவது இடத்தில் உட்காரவைத்திருந்தது. சொந்த மூளையில் எழுதின பகுதி, பதினாலு வருஷப் பழக்கத்தில், ஒன்றிலிருந்து நாற்பது வரைக்கும்தான் தேடியது. பூச்சியத்தில் உட்கார்ந்திருந்தவரை அது திரும்பியே பார்க்கவில்லை. ஆயிரம் தடவை குலுக்கினாலும் பார்க்காது. மற்ற நாற்பது பேருக்கும் குறையில்லை. இத்தனை பேர் இருக்க, ஒருத்தரை மட்டும் குறிவைத்து, அதுவும் எழுதினவரையே, அந்தப் புரோகிராம் ஒதுக்கியிருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறார், இப்போதுதான் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினால், சிவப்பு மையில் 'முக்கியம்' என்று அவருடைய கையெழுத்தே இருந்தது.

திருத்துவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓடப்போவது அரக்கு வைத்த பிளாப்பி. அந்த அரக்குக்கு யோசனை சொன்ன புத்திசாலியும் அவரே. வாயைத் திறந்தால், நேர்மை என்று போட்ட துண்டு வெறும் தப்புக்குப் போட்ட துண்டு என்று ஊருக்குத் தெரிந்துவிடும், கோயமுத்தூர் ஆளும் வந்துவிடுவான். திறக்காவிட்டால் துண்டு நிற்கும், மனை நிச்சயமாக வராது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், முடிச்சை அவிழ்க்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அன்னக்கொடியிடம் சொன்னார்.

அவள் முழுக்கக் கேட்டாள். "அப்ப, அன்னைக்கு அம்புட்டு நேரம் நான் சாமி கும்பிட்டுட்டு நின்னேனே, ஒங்க பேரு அதுக்குள்ளயே இல்லையா?"

"இருந்துச்சு. அது கண்ணுக்குப் படாத எடத்துல இருந்துச்சு."

"ஞாயித்துக்கெழம எந்திரிச்சு நின்னு சொல்லுங்க."

"மானம் போயிரும் புள்ள."

"மானமும் நம்மளோட வாடக வீட்டுலதான இருக்கு, போனாப் போகட்டும். இங்க பாருங்க. பேரு கெடந்து வராமப் போச்சுன்னா அது விதி. பேரே கெடக்காமப் போச்சுன்னா அது நீங்க. விதியோட நான் சண்ட போட மாட்டேன்." மீதியை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, இருபது வருஷம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கேன்டீனில் கண்ணுச்சாமி அரக்கை உடைக்கப் போனபோது முத்திருளன் எழுந்தார். "அண்ணே, ஒடைக்காதீங்க. அந்தப் புரோகிராமுல தப்பு இருக்கு. நாந்தான் தப்பா எழுதிட்டேன். அதுல என் பேரு வரவே வராது" என்றார்.

பின்வரிசையிலிருந்து, பஞ்சு உதறுகிற பிளோரூமில் வேலை பார்க்கிற காளை எழுந்தான். "ஏன்ணே, போன தடவ விழலைங்கவும் இப்ப மிசினு தப்பாயிருச்சா? ஒத்த மனைதான் இருக்குன்னதும் புத்தி போகுது பாத்தியா?"

முருகம்மாள் பதறிப்போனாள். "அப்ப எனக்கு விழுந்ததும் தப்பாண்ணே? பிடுங்கிருவீகளா?"

"இல்லம்மா, ஒனக்கு விழுந்தது ஒனக்குத்தான். யாருக்கு விழுந்ததையும் தொட வேணாம். இந்த ஒத்த மனைக்கு மட்டும் என் பேரையும் சேத்துக் குலுக்குங்கன்னுதான் கேக்குறேன்." தப்புச் செய்திருந்தபோது நேர்மையானவன் என்றார்கள், நேர்மையாக ஒன்றைச் சொல்லும்போது திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். நியாயமா இது என்று அவருக்கு அழுகையே வந்தது. ஆனால் அந்தத் துண்டைத் தோளில் ஒரு மாதம் சுமந்ததும் அவர்தான், அதனால் அழவும் மனசு வரவில்லை.

"என்னய்யா தப்பு, புரியற மாதிரி சொல்லு" என்றார் கண்ணுச்சாமி.

"மிசினு பூச்சியத்துல இருந்து எண்ணும்ணே. மொத ஆளு ஒண்ணு இல்ல, பூச்சியம். நான் ஒண்ணுல இருந்து எண்ணச் சொல்லிட்டேன்."

"எவனாச்சும் பூச்சியத்துல இருந்து எண்ணுவானா?" என்றான் காளை. எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் முத்திருளன் சிரித்த அதே சிரிப்பு.

"சரி விடுங்கப்பா, சண்ட வேணாம்" என்று கண்ணுச்சாமி கையமர்த்தினார். "பழைய குடத்தையே கொண்டாங்க." பதினேழு பெயரையும் உறுப்பினர் எண் வரிசைப்படி சீட்டில் எழுதினார்கள். முதல் சீட்டு முத்திருளனுடையது. கண்ணுச்சாமி சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எண்ணிக் குடத்துக்குள் போட ஆரம்பித்தார். அவர் அப்பா ஊர்க்களத்தில் நெல் அளந்தவர், அந்த ராகம் அப்படியே வந்தது.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

"நிறுத்துங்கண்ணே!" என்று முத்திருளன் கத்தினார். கண்ணுச்சாமியின் கை குடத்தின் வாயிலேயே நின்றது.

"மொதச் சீட்டப் போடும்போது என்ன சொன்னீங்க?"

"லாபம்னேன். நெல்லு அளக்கையில மொத மரக்கால யாருய்யா ஒண்ணுன்னு எண்ணுவா? லாபம், ரெண்டு, மூணுதான். ஒனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன. சின்ன வயதில் களத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு அவரே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். "அதத்தான்ணே நானும் சொல்றேன்! மிசினும் மொத ஆள ஒண்ணுன்னு சொல்லாது. அதுக்கு வேற பேரு வச்சிருக்கு. நான் ஒண்ணு எங்க, ஒண்ணு எங்கன்னு தேட விட்டுட்டேன். லாபத்துல கெடந்தவன் விட்டுப்போயிட்டான்."

கேன்டீனில் 'ஆ' என்று ஒரு சத்தம் எழுந்தது. நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. களத்துமேடு பார்க்காத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் இல்லை. காளைகூடத் தலையைச் சொறிந்துகொண்டு, "இம்புட்டுத்தானா? இதப் படிக்கவாண்ணே எட்டு மாசம்?" என்றான்.

"அந்தப் புஸ்தகத்துல லாபம்னு போட்டிருந்தா எட்டு நிமிஷத்துல படிச்சிருப்பேன்டா" என்றார் முத்திருளன். அவரே சிரித்துவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு மாதமாகத் தோளில் கனத்த துண்டு இறங்கின மாதிரியும் இருந்தது. கண்ணுச்சாமி மிச்சத்தை எண்ணி முடித்தார். பதினேழு. குடத்தைக் குலுக்கி முருகம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

நல்லகாமன். கேட்டில் வாட்ச்மேன். அவன் துள்ளிக் குதித்தான்.

வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்று முத்திருளன் யாரிடமாவது சொன்னால் அது பொய். குடத்துக்குள் தன் பெயர் விழுந்ததைக் கண்ணால் பார்த்ததிலிருந்து, கோச்சடையில் சுவரே எழுப்பிவிட்டிருந்தார். நல்லகாமனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பழங்காநத்தம் வழியாக சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அன்னக்கொடி வாசலிலேயே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மனை இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"விதியா, நீங்களா?"

"விதி" என்றார். "கண்ணுச்சாமி அண்ணே எண்ணிப் போட்டாரு. லாபம்னு மொதச் சீட்டே என்னுதுதான். நல்லகாமனுக்குப் போயிருச்சு." சீட்டு எண்ணின கதை முழுவதையும் சொன்னார். எட்டு மாசம் என்று காளை கேட்டதையும் மறைக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"அப்பச் சரி" என்றாள். முந்தானையால் கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஆணி டப்பாவை எடுத்தாள். சாமி படம் சாய்ந்து நின்ற இடத்துக்கு மேலே, மொக்கையனின் சுவரில், ஆணியை வைத்து அம்மிக் குழவியால் ஓங்கி அடித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது.

மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "யாரது கீழ? ஆணியா அடிக்கிறீக?" என்று மொக்கையன் கத்தினார். "எத்தன ஆணி அடிச்சீக?"

முத்திருளன் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். அவள் டப்பாவுக்குள் கையை விட்டு அடுத்த ஆணியை எடுத்துக்கொண்டே, மாடிக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"லாபம்!"